இந்தக் கணக்குப்பிள்ளை ஆட்டங்களில் என்னதான் இருக்கிறது?

கரிசல்காட்டான் (ஒட்டப்பிடாரம் பக்கம்)

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு வீட்டுக்காரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். நான் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் ரஷ்ய வரைபடம். அதன் மேல் நெருக்கமாகச் சின்னச் சின்ன வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஏதோ எண்கள். "ஆபீஸ் வேலையா?" என்று கேட்டாள். "இல்லை, விளையாட்டு" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "இதில் எது விளையாட்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையிலிருந்து அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

ஆடுவது வார் இன் தி ஈஸ்ட் என்ற கணினிப் போர் ஆட்டம். 2010ல் வந்தது. 1941 ஜூன் 22, ஜெர்மனி ரஷ்யாவுக்குள் நுழைந்த நாளில் ஆரம்பிக்கும். ஒரு நகர்த்தல் ஒரு வாரம், ஒரு கட்டம் 10 மைல். கையேடு மட்டும் 300 பக்கத்துக்கு மேல். குதிரை, லாரி, பெட்ரோல், ரயில், மழை, சேறு எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. ஆனால் சண்டை நம் கையில் இல்லை. போய் மோது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மோதிய பிறகு என்ன ஆனது என்று கணினி சொல்லும். நம் வேலை எல்லாம் மோதலுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது.

முதல் தடவை ஆடியபோது டாங்கிகளை ஒரே மூச்சில் மாஸ்கோவைப் பார்த்து விரட்டினேன். ஸ்மோலென்ஸ்க் தாண்டியதும் பெட்ரோல் தீர்ந்து நடுக்காட்டில் நின்றுவிட்டன. இரண்டாவது தடவை நிதானமாக, பின்னாலிருந்து சரக்கு வந்து சேரச் சேர முன்னேறினேன். அக்டோபர் வந்துவிட்டது. திரையில் 'சேறு' என்று ஒரு சொல் வந்தது. அந்த வாரத்திலிருந்து ஒரு வில்லையும் நகரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐப்பசி அடைமழையில் கரிசல் மண்ணில் நடந்து பார்த்தவனுக்கு யாரும் சேற்றை விளக்க வேண்டியதில்லை. பத்து அடி வைத்தால் செருப்பு ஒரு கிலோ கனக்கும், பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளத் தோன்றும். அது மாதிரிச் சேற்றில் ரஷ்யாவில் ஒரு பெரிய படையே நின்றுபோனது என்று சின்ன வயதில் புத்தகத்தில் படித்தபோது அது வெறும் வரிதான். இங்கே என் கையில் இருந்த படை நின்றபோதுதான் உறைத்தது.

இது என் காரணம். உங்களுக்கு எது? முக்கியமாக, இதை வீட்டில் எப்படிச் சொல்கிறீர்கள்?

---

பேட்டைவாசி

அண்ணாச்சி, மனசாட்சியோடு பதில் சொல்லுதேன்: ஒன்றும் இல்லை. உங்களுக்கு எக்ஸெல் தாள் பிடிக்கும், அதில் நாஜிக் கொடி வரைந்து கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

2003ல் ஜங்ஷன் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் நாங்கள் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் ஆடுவோம். ஆட்டை வெட்டு, மரத்தை வெட்டு, கோட்டையைக் கட்டு, பக்கத்து சீட்டுக்காரன் ஊரைக் கொளுத்து. அவன் எழுந்து நின்று கத்துவான். கடைக்காரர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லுவார். அதுதானே விளையாட்டு? 1999ல் வந்த ஆட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022ல் திராவிடர்கள் என்று ஒரு அணியே சேர்த்தார்கள். சுருள்வாளைச் சுழற்றிக்கொண்டு வீரர்கள் வருகிறார்கள், ராஜேந்திர சோழனுக்கு ஒரு படையெடுப்புத் தொடர் வேறு. அதை விட்டுவிட்டுக் குதிரைக்குக் கொள்ளு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறீர்களே.

---

கரிசல்காட்டான்

கொள்ளு என்று கிண்டலாகச் சொன்னீர், ஆனால் சரியாகத்தான் சொன்னீர். 1941ல் ரஷ்யாவுக்குள் போன ஜெர்மன் படையில் 6 லட்சத்துக்கும் மேல் குதிரைகள். நியூஸ் ரீலில் டாங்கிதான் வரும், குதிரை வராது. பீரங்கியில் பெரும்பாலானவற்றை இழுத்ததும் காலாட்படையின் சாமானைச் சுமந்ததும் குதிரைதான். இதை நான் ஆட்டத்தில்தான் முதலில் பார்த்தேன். 'குதிரை வண்டி' என்று ஒரு சின்ன எண், ஓரமாக. ஏன் இது இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தேடப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

---

சின்னப்பாதை (ரயில்வே, ஓய்வு)

தம்பிமாரே, நான் இந்த விளையாட்டெல்லாம் ஆடினது கிடையாது. பையன் ஆடுவான். ஹார்ட்ஸ் ஆஃப் அயன் என்று ஒன்று. 1936 ஜனவரி 1லிருந்து தொடங்கும், உலகம் முழுக்க ஆளலாம் என்று சொல்லுவான். விடுமுறைக்கு வந்தவன் ஒருநாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "அப்பா, பாதி ரஷ்யாவைப் பிடித்துவிட்டேன், ஆனால் படைக்குச் சாப்பாடு போகமாட்டேன் என்கிறது, இந்த ஆட்டமே தப்பு." எட்டிப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. "ஏலே, கேஜ் மாறுது பாரு" என்றேன்.

அவனுக்குக் கேஜ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. நான் உட்கார வைத்துச் சொன்னேன். ஐரோப்பாவில் தண்டவாளத்துக்கு இடையே 1,435 மில்லிமீட்டர். ரஷ்யாவில் அன்றைக்கு 1,524. வித்தியாசம் சுமார் நாலு விரல்தான். ஆனால் அந்த நாலு விரலில் ஜெர்மன்காரன் வண்டி ரஷ்யப் பாதையில் ஓடாது. பிடித்த பாதையை எல்லாம் ஆணி பிடுங்கி உள்ளே தள்ளி அடிக்கணும். இல்லையென்றால் ரஷ்யாக்காரன் விட்டுப்போன இன்ஜினும் பெட்டியும் வேணும், அவன் அதை விட்டுவிட்டா போவான்? பாதையை மாற்றினாலும் தீராது. நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேணும். ரஷ்யாக்காரன் இன்ஜின் நீண்ட தூரம் போகும், அதனால் தண்ணீர்த் தொட்டியும் தூரத் தூரத்தில்தான் கட்டி வைத்திருந்தான். ஜெர்மன் இன்ஜின் அதுவரை தாங்காது.

இது நமக்குப் புதுசா? செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி எல்லாம் ஒரு மீட்டர் பாதையாகக் கிடந்த காலம் எனக்கு நன்றாகத் தெரியும். அகலப் பாதையில் வந்த சரக்கு, பாதை மாறுகிற இடத்தில் ஒவ்வொரு மூட்டையாக இறங்கி மறுபடி ஏறணும். ஒரு வேகன் காலியாவதற்குள் நாலு டீ குடித்துவிடலாம். நம் அகலப் பாதை 1,676. மீட்டரிலிருந்து அதற்கு மாற்றுவதற்குத் தென்காசிப் பாதை எத்தனை வருஷம் மூடிக் கிடந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலை வழியாக அகலப் பாதை முழுசாக ஓட 2018 ஆகிவிட்டது. குண்டு போடுகிறவன் யாரும் இல்லாமலே இந்தப் பாடு. சண்டை நடக்கும்போது, பனியில், பின்னாலிருந்து கெரில்லாக்காரன் தண்டவாளத்தைப் பெயர்க்கும்போது எப்படி இருந்திருக்கும்?

அன்று ராத்திரி அவன் டாங்கி செய்வதை நிறுத்திவிட்டு ரயில் பாதை போட்டான். மறுநாள் காலையில் "அப்பா, நகருதுப்பா" என்று வந்து சொன்னான். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்தேன். என் பிள்ளை என்னிடம் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

---

பேட்டைவாசி

சரி, ஒரு படி இறங்கி வருதேன். அண்ணாச்சி எக்ஸெலுக்குள் ரயில் ஓடுகிறது என்று ஒத்துக்கொள்ளுதேன்.

---

புதுசா_வந்தவன்

வணக்கம். நான் காலேஜ் இரண்டாம் வருஷம், வீரவநல்லூர். 4 ஜிபி லேப்டாப். இதில் எது ஓடும்? அப்புறம் ஒரு சந்தேகம், இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொள்வது? ஒரு நாட்டை எடுத்து ஆளுகிற யுரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பாகம் ஒரு நண்பன் வீட்டில் திறந்து பார்த்தேன். ஒரு மணி நேரம் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மூடிவிட்டேன்.

---

கரிசல்காட்டான்

தம்பி, பெரிய ஆட்டத்தோடு ஆரம்பிக்காதே. பழைய அறுகோணக் கட்ட ஆட்டங்கள் லேப்டாப்பைச் சிரமப்படுத்தாது. ஆபரேஷனல் ஆர்ட் ஆஃப் வார் 1998லேயே வந்தது. அதில் சின்னக் களங்கள் உண்டு, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். யுரோப்பாவைத்தான் ஆடுவேன் என்றால் பெரிய நாட்டை எடு, சண்டை போடாமல் பத்து வருஷம் சும்மா ஓடவிட்டுப் பார். கஜானா ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று மட்டும் கவனி. முதல் நாடு மண்ணைக் கவ்வும். கவ்வட்டும்.

முக்கியமான விஷயம்: கரண்ட் போகும். அடிக்கடி சேமித்து வை. போன வருஷம் ஒரு மின்வெட்டில் நாற்பது வருஷ வரலாறு எனக்குப் போயிருக்கிறது.

---

பாளை_டீச்சர்

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். யுரோப்பா நானும் ஆடியிருக்கிறேன், நூறு மணி நேரத்துக்கு மேல். அதனால் வெளியிலிருந்து சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்த ஆட்டம் 1444 நவம்பர் 11ல் தொடங்கும். ஏன் அந்தத் தேதி? முந்தின நாள்தான் வர்னாவில் துருக்கியர்கள் ஹங்கேரி, போலந்து மன்னனை வென்றார்கள். ஐரோப்பாவுக்கு அது திருப்பம். நம் பக்கம் விஜயநகரத்துக்கு அந்த நாளில் என்ன திருப்பம்? ஒன்றும் கிடையாது. யாருடைய காலண்டரை வைத்து உலகம் நகர்கிறது என்பது முதல் திரையிலேயே தெரிந்துவிடுகிறது.

என்னை உறுத்துவது இன்னொன்று. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ 'காலி' நிலம் என்று காட்டுவார்கள். அதில் சுட்டினால் பூர்வகுடிகள் இத்தனை பேர், முரட்டுத்தனம் இவ்வளவு என்று எண்கள் வரும். பக்கத்தில் ஒரு பொத்தான், அவர்களைத் தாக்க. நான் அதை அழுத்தியிருக்கிறேன். குடியேற்றம் வேகமாக வளரும் என்று கணக்குப் போட்டு, டீ குடித்துக்கொண்டே அழுத்தினேன். எண் பூஜ்யம் ஆனது. மறுநாள் வகுப்பில் ஆங்கிலேயர் வருகை பாடம். ஒரு மாதிரி இருந்தது.

நீங்கள் எல்லோரும் கணக்கு, சரக்கு, ரயில் என்று பேசுகிறீர்கள். உண்மைதான், அழகாகவும் இருக்கிறது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்கும் நம் ஊர் இப்படித்தானே தெரிந்திருக்கும்? பேஷ்குஷ் (கப்பம்) பாக்கி இவ்வளவு, பாளையம் இத்தனை, ஆள் இத்தனை.

---

கரிசல்காட்டான்

அக்கா, இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துவிட்டு வருகிறேன்.

---

ஷார்ஜா_அம்பை

டீச்சர் சொன்னதை மறுக்கவில்லை. என் கதை வேறு மாதிரி, அதையும் வைத்துவிடுகிறேன்.

நானும் என் பள்ளிக்கூட நண்பனும் வார் இன் தி பசிபிக் ஆடுகிறோம். அவன் அம்பாசமுத்திரத்தில், நான் இங்கே. 1941 டிசம்பரில் தொடங்குகிறது, ஒரு நகர்த்தல் ஒரு நாள். அவன் ஜப்பான், நான் எதிர்ப்பக்கம். ஒருவன் நகர்த்திவிட்டுக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவான், அடுத்தவன் ராத்திரி திறப்பான். ஒன்றரை வருஷமாக ஆடுகிறோம், ஆட்டத்தில் இன்னும் 1942 ஜூன்தான். 1945 வரை போனால் எங்களில் ஒருவனுக்குப் பேரன் பிறந்துவிடும்.

நிஜத்தில் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9ல் திருகோணமலை. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அந்த மாதம் மெட்ராஸே பாதி காலியானது. அப்புறம் ஜப்பான்காரன் திரும்பிப் போய்விட்டான். எங்கள் ஆட்டத்தில் இவன் திரும்பவில்லை. இலங்கையில் இறங்கிவிட்டான். மன்னார் வளைகுடாவில் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறான். அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடிக்கு எதிரே கப்பல் விடுகிறான் பாவி. போனில் "ஏலே, சொந்த ஊருக்கே குண்டு போடப் போறியா?" என்று கேட்டேன். "திருச்செந்தூரை மட்டும் விட்டுவிடுதேன்" என்றான்.

ஆனால் ஜப்பானாக ஆடுகிறவனுக்கு நிஜமான பகை நான் இல்லை, எண்ணெய். கப்பலை ஓட்ட எண்ணெய் வேண்டும், எண்ணெய் போர்னியோவிலும் சுமத்ராவிலும் இருக்கிறது, அதைக் கொண்டுவரவும் கப்பல் வேண்டும், அந்தக் கப்பலை என் நீர்மூழ்கிகள் தேடும். இலங்கை வரைக்கும் வந்த ஒவ்வொரு மைலுக்கும் அவன் எண்ணெயைக் குடித்திருக்கிறான். அவன் போனில் சந்தோஷமாகப் பேசினாலும் அவன் கஜானா எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைக்கிறேன். அதுதான் சுவாரசியம்.

இதுதான் எனக்கு ஈர்ப்பு. தினமும் ராத்திரி ஒரு கோப்பு வருகிறது. அவன் என்ன யோசித்தான் என்று நான் யோசிக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், ஊரில் இவ்வளவு ஒழுங்காகத் தொடர்பில் இருப்பது அவன் ஒருவனோடுதான்.

---

கல்லிடைக்காரன்

எண்ணெய் என்றதும் எங்கள் தாத்தா ஞாபகம். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டினவர். மெடல் இருந்தது, எந்தச் சண்டைக் கதையும் சொன்னது கிடையாது. திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "தகர டின்னுடா. பெட்ரோல் ஊற்றி ஏற்றினா, போய்ச் சேருறதுக்குள்ள பாதி மணலுக்குப் போயிரும்." எங்களுக்குச் சலித்துப் போகும்.

பிறகு நானே இந்த ஆட்டங்களில் இறங்கிப் படித்தபோதுதான் தெரிந்தது. பிரிட்டிஷ் படை அப்போது 4 காலன் மெல்லிய தகர டின்களில்தான் பெட்ரோல் அனுப்பியது. வழியில் நசுங்கும், ஒழுகும். ஜெர்மன்காரர்களிடம் தடித்த தகட்டில் நல்ல கேன் இருந்தது. கைப்பற்றிய கேன்களை பிரிட்டிஷ் சிப்பாய்கள் பொக்கிஷம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். பிறகு அதையே பார்த்துச் செய்தார்கள். அதனால்தான் அதற்கு இன்றைக்கும் ஜெர்ரி கேன் என்று பேர், ஜெர்ரி என்றால் ஜெர்மன்காரன். தாத்தா போரைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு தகவல், சிரிப்பதற்கு. 1979ல் வட ஆப்பிரிக்கப் போரை வைத்து ஒரு பலகை ஆட்டம் வந்தது, காம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா. கணினி இல்லை, காகித வரைபடமும் அட்டை வில்லைகளும்தான். முழுசாக ஆடி முடிக்க ஆயிரக்கணக்கில் மணி நேரம் ஆகும் என்பார்கள். அதில் இத்தாலியப் படைக்கு மட்டும் கூடுதல் தண்ணீர் தர வேண்டும் என்று ஒரு விதி. எதற்கு? மக்ரோனி வேக வைக்க.

---

பேட்டைவாசி

நம் படைக்கு ரசம் வைக்கத் தனித் தண்ணீர் விதி உண்டா அண்ணாச்சி?

---

மூன்றுபுலி

எல்லோரும் ஐரோப்பாவுக்கும் பசிபிக்குக்கும் போய்விட்டீர்கள். நம் கோயில் மண்டபத் தரையில் கீறி வைத்திருக்கிற ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

ஆடுபுலி ஆட்டம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, வெட்டவே முடியாது. ஆட்டுக்காரன் செய்யக்கூடியது ஒன்றுதான், புலி நகர இடம் இல்லாமல் அடைப்பது. இரண்டு பக்கத்துக்கும் பலம் ஒன்றில்லை, நோக்கம் ஒன்றில்லை. செஸ்ஸில் இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி ஒன்றே. போரில் எங்கே அப்படி இருக்கிறது? எங்கள் ஆச்சி ஆடு வைத்து ஆடுவாள். முதல் ஐந்து ஆட்டை யோசிக்காமல் பலி கொடுப்பது போல இருக்கும், கடைசியில் புலி மூன்றும் மூலையில் நிற்கும். "புலி பசியில தாண்டும்டா, தாண்டின இடத்துல மாட்டிக்கிடும்" என்பாள். கரிசல்காட்டான் அண்ணாச்சியின் டாங்கி ஸ்மோலென்ஸ்க் தாண்டி நின்றதும் அதேதான்.

டீச்சரக்காவுக்கு ஒரு வார்த்தை. கம்பெனிக்காரன் கண்ணில் நம் ஊர் எண்ணாகத் தெரிந்தது, சரி. பாளையக்காரன் கண்ணில் கம்பெனியும் எண்ணாகத் தெரிந்திருக்கிறது. 1755ல் கர்னல் ஹெரான் நெற்கட்டுஞ்செவல் கோட்டை முன்னால் வந்து நின்று கப்பம் கேட்டபோது புலித்தேவன் கொடுக்கவில்லை. இவர்களிடம் சுவரை உடைக்கிற பெரிய பீரங்கி இல்லை என்பது கோட்டைக்குள் இருந்தவருக்குத் தெரியும். ஹெரான் திரும்பிப் போனார். அதே கோட்டையை 1761ல் கம்பெனித் தளபதி யூசுப் கான் பிடித்தபோது நிலைமை வேறு. கணக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

---

பாளை_டீச்சர்

இது நல்ல பதில். ஹெரான் கதையைப் பாடப் புத்தகத்தில் 'வீரத்தால் விரட்டினார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். எதிரியிடம் என்ன இல்லை என்று தெரிந்து வைத்திருந்தார் என்று சொன்னால் பிள்ளைகள் இன்னும் மதிப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

ஆனாலும் அந்தப் பொத்தான் விஷயத்தில் நான் மாறவில்லை. தன்னை எதிர்க்கிற கோட்டையை எண்ணுவது வேறு. எதிர்க்க முடியாத சனத்தை எண்ணுவது வேறு. ஹார்ட்ஸ் ஆஃப் அயனில் யூதப் படுகொலை கிடையவே கிடையாது, வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். காட்டினால் அதை 'ஆட' வேண்டியிருக்கும் என்ற சங்கடம் புரிகிறது. ஆனால் விட்டதால் அந்த வில்லைகள் எல்லாம் சுத்தமாகிவிடுகின்றன. கரிசல்காட்டான் தம்பி நகர்த்துகிற ரயிலில் வேறு என்ன போனது என்று ஆட்டம் சொல்லாது.

---

கரிசல்காட்டான்

அக்கா, இரண்டு நாள் யோசித்தேன். மழுப்பாமல் சொல்கிறேன்: நீங்கள் சொல்வது சரி. ஜெர்மன் பக்கம் ஆடும்போது எனக்கு அது ஞாபகம் வருவதே இல்லை, ஆட்டத்தில் மூழ்கினால் வில்லைதான் தெரியும். இந்த ஈர்ப்பில் பாதி அந்த மறதிதான் என்று நினைக்கிறேன். ஆபீஸில் நாள் முழுக்கக் கணக்கு, வீட்டில் கரண்ட் பில், கல்லூரிக் கட்டணம். அங்கே ஒரு சின்ன எண் தப்பினால் என்னவாகுமோ என்று பயம். இங்கே ஒரு படையே தப்பினாலும் மறுபடி ஆரம்பிக்கலாம். அதைப் 'போர்' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை வேறு.

அடுத்த ஆட்டம் ரஷ்யப் பக்கம். அதனால் குற்றம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் பின்வாங்கிப் பின்வாங்கி, தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே அனுப்புகிற வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

---

சின்னப்பாதை (ரயில்வே, ஓய்வு)

அதற்கு வேகன் எத்தனை வேணும் என்று முதலில் எண்ணிக்கொள்ளும்.

---

மூன்றுபுலி

நான் ஒரு யோசனை வைக்கிறேன். பழைய கட்ட ஆட்டங்களில் சொந்தமாகக் களம் வரைந்துகொள்ள வழி இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி 1801 வரைவோமா?

1799 இல்லை, 1801. காரணம் சொல்கிறேன். 1799 செப்டம்பர் 5ல் கம்பெனித் தளபதி பானர்மன் தாக்கியது முறிந்தது, இரண்டு நாளில் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார், அக்டோபர் 16ல் கயத்தாற்றில் தூக்கு. ஆட்டமாக அது சீக்கிரம் முடிந்துவிடும். 1801 நீளமானது. பிப்ரவரி 2ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கின கோட்டை சில நாளில் மறுபடி நிற்கிறது. கம்பெனி அதிகாரி மெக்காலே போய்ப் பார்த்துவிட்டு, இருக்கிற ஆளை வைத்து முடியாது என்று பாளையங்கோட்டைக்குத் திரும்புகிறார். மார்ச் 31ல் பெரிய தாக்குதல், அதுவும் முறிகிறது. அப்புறம் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கியும் வந்து மே 24ல்தான் கோட்டை விழுகிறது. ஊமைத்துரை அப்போதும் தப்பி மருது சகோதரர்கள் பக்கம் போய்விடுகிறார்.

நாலு மாதம். ஒரு நகர்த்தல் மூன்று நாள் என்று வைத்தால் நாற்பதுக்குள் முடிந்துவிடும். முதல் பாதியில் கேள்வி, ஊமைத்துரைக்கு எவ்வளவு வேகமாகச் சுவர் எழும்பும். இரண்டாம் பாதியில் கேள்வி, பெரிய பீரங்கி எப்போது வந்து சேரும்.

---

பாளை_டீச்சர்

வரையுங்கள், நான் வாசித்துத் திருத்துகிறேன். கால்டுவெல் 1881ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இந்தப் பகுதி விரிவாக இருக்கிறது. இடையன்குடிப் பாதிரியார்தான், மொழி ஆராய்ச்சிக்காரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதையும் வாசிக்கலாம். கம்பெனிப் பக்கச் சாய்வு உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிபந்தனை. எட்டயபுரத்தைச் சும்மா 'துரோகி' என்று கறுப்பு வில்லை போடக் கூடாது. அவர்களுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு முன்பே உண்டு. அவர்கள் பக்கமும் ஒருவர் உட்கார்ந்து ஆடட்டும். ஆடிப் பார்த்தால் ஏன் கம்பெனி பக்கம் நின்றார்கள் என்று புரியும். புரிவதால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை.

---

புதுசா_வந்தவன்

எட்டயபுரம் நான் எடுத்துக்கொள்கிறேன். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரியும்.

(ஆபரேஷனல் ஆர்ட் ஆஃப் வார் லேப்டாப்பில் ஓடுகிறது. முதல் களத்தில் தோற்றுவிட்டேன். ஏன் தோற்றேன் என்று தெரிந்தது, அதுவே நன்றாக இருந்தது.)

---

கரிசல்காட்டான்

பாஞ்சாலங்குறிச்சி என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். நிலவரைபடம் என் பொறுப்பு.

சுவர் விஷயத்தில் ஒன்று. மண் கோட்டை என்று குறைவான எண் போட்டுவிடாதீர்கள். கல் சுவரில் குண்டு பட்டால் உடைந்து சிதறும். நல்ல மண் சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். சுற்றிலும் முள்வேலி வேறு. இடிந்ததை ராத்திரியே பூசிவிடலாம், மண்ணுக்கா பஞ்சம்? அதனால்தான் மார்ச்சில் முடியவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து சுமார் 30 மைல். பிப்ரவரியிலிருந்து மே வரை என்பதால் மழை இல்லை, கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பீரங்கி வண்டிச் சக்கரம் வெடிப்பில் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதற்கு வேகம் எவ்வளவு குறைப்பது? அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர். சித்திரையில் அந்தப் பக்கம் கண்மாய் வறண்டுவிடும். இதற்கு ஒரு விதி வேண்டும்.

---

பேட்டைவாசி

மக்ரோனி விதி மாதிரி, 'மாடு குடிக்கிற தண்ணீர்' விதி. எழுதிக்கொள்ளுங்கள். நானும் வருதேன், ஊமைத்துரை எனக்கு.

---

சின்னப்பாதை (ரயில்வே, ஓய்வு)

எங்கள் அப்பா அந்தப் பக்கம் பருத்தி வண்டி அடித்தவர். காய்ந்த கரிசலில் வண்டித் தடத்தை விட்டு இறங்கினால் பார அச்சு முறியும் என்பார். தடத்திலேயே போனால் நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மைல் போகலாம், அதுவும் விடியுமுன் கட்டி வெயில் ஏறுமுன் அவிழ்த்தால். பீரங்கி பருத்தி மூட்டையைவிடக் கனம். எட்டு மைல் என்று போடும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற இடம் எதெது என்று நாளைக்கு அப்பாவின் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், குறுக்குச்சாலையில், போய்க் கேட்டு எழுதுகிறேன். தொண்ணூறு வயசு. காலையில் போனால்தான் பேசுவார்.